கல்விக்குக் கொடுத்த காசு சோற்றுக்குப் போகலாமா?



சென்ற வருட அறிக்கை உங்கள் கைகளுக்கு வந்து சேர்ந்த சில வாரங்களில், நமது மருத்துவமனையை நெடுநாளாகத் தாங்கிவரும் சபை ஒன்றின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏழைப் பிள்ளைகளின் கல்வி உதவி நிதிக்கென்று அவர்கள் சேர்த்து அனுப்பின காணிக்கையில் ஒரு பங்கு காலைப் பலகாரத்துக்கும், சீருடைத் துணிக்கும், வார்டில் நோயாளிக்குத் துணை இருக்கும் ஒரு பாட்டியம்மாவின் கூலிக்கும் செலவானதைக் கணக்கில் கண்டிருக்கிறார்கள். கல்விக்குக் கொடுத்ததைக் கல்விக்கல்லவா செலவிட வேண்டும்? அதுவும் சோறு, புத்தகம், சைக்கிள், பஸ் பாஸ் எல்லாவற்றையும் அரசாங்கமே கொடுக்கிற இந்தக் காலத்தில்? இதுதான் கேள்வி. கணக்கை வரிவரியாகப் படித்துப் பார்க்கிற ஆதரவாளர்கள் கிடைப்பது ஓர் ஊழியத்துக்குப் பாக்கியம். அவர்களுக்குத் தனியே பதில் எழுதினோம். ஆனாலும் இதே எண்ணம் வேறு பலருக்கும் இருக்கக்கூடும் என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

இந்தக் கேள்வி புதியதல்ல. நூறு வருடங்களுக்கு முன்பு இதே பட்டணத்தில் இது கேட்கப்பட்டது. கேட்கப்பட்டதோடு நில்லாமல், நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு வேலையை நிறுத்தியும் வைத்தது.

ஓர் அணாச் சாப்பாடு

பண்டிகைக் காலத்தில் தி.நகருக்குத் துணி எடுக்கப் போகாதவர் நம்மில் குறைவு. மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் 1920-களில் உருவான அந்தக் குடியிருப்புக்குத் தியாகராய நகர் என்று பெயர் வந்தது சர் பிட்டி தியாகராய செட்டியாரால் என்பதையும் பலர் அறிவோம். அவர் நீதிக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர், சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் என்ற அளவில் பாடப் புத்தகம் முடிந்துவிடும். அவர் செய்த வேறொரு காரியம் நமக்கு அதைவிட முக்கியம்.

1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி கொடுப்பது. செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். காரணத்தைத் தியாகராயர் மறைக்கவில்லை. அந்தப் பள்ளிக்கு வருகிறவர்கள் பரம ஏழைகள். வறுமையால் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது என்றார். அந்தப் பள்ளியில் கட்டிடமும் இருந்தது, வாத்தியாரும் இருந்தார். பசியோடு இருக்கிற பிள்ளை மட்டும் அங்கே வரவில்லை.

திட்டம் பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. 1922-23-இல் 811 ஆக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆயிற்று. அதாவது இரண்டே வருடத்தில் இரண்டு மடங்கு! இதற்காகப் புதுப் பாடத்திட்டம் எதுவும் வகுத்ததாகத் தெரியவில்லை. கொடுத்தது மதியச் சிற்றுண்டி.

அதன் பிறகுதான் நமது சங்கத்துச் சகோதரிகள் கேட்ட கேள்வி வந்தது. ஆரம்பக் கல்விக்கென்று ஒதுக்கின நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிட அனுமதியில்லை என்று அன்றைய ஆங்கில அரசாங்கம் சொல்லிவிட்டது. 1925 ஏப்ரல் 1 முதல் சாப்பாடு நின்றது. தியாகராயரும் அதே வருடம் காலமானார். சில காலம் கழித்து அதை மறுபடி தொடங்கினார்கள் என்றாலும், இடையில் எத்தனை பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிட்டார்கள் என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது.

அந்தத் தணிக்கை அதிகாரிகளைக் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. பணத்துக்கு ஒரு தலைப்பு எழுதிவிட்டால் அந்தத் தலைப்பில்தான் செலவாக வேண்டும் என்பது நல்ல கணக்கருடைய ஒழுங்கு. நமது மருத்துவமனைக் கணக்கரும் அப்படித்தான். அதற்காக அவரை மெச்சுகிறோம். தப்பு தலைப்பில் இருக்கிறது. கல்வி என்ற தலைப்பின் கீழ் எது வரும், எது வராது என்பதைப் பிள்ளையின் வயிற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமேயொழிய, பேரேட்டைப் பார்த்து அல்ல.

பள்ளி என்று பெயர் வைக்காதவர்கள்

தியாகராயருக்கு முன்பே இதைக் கண்டுகொண்டவர்கள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அதைச் சொல்லிக்கொள்வதில் நமக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட், அமெரிக்கர், 1894-இல் அடையாறை அடுத்த ஊரூரில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். அந்நாட்களில் அவர்களைப் பஞ்சமர் என்றார்கள். பள்ளிக்கும் பஞ்சமர் பள்ளி என்றே பெயர் வழங்கியது. பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் பக்கங்களிலும் இப்படிப் பள்ளிகள் எழுந்தன; மயிலாப்பூரில் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு முதலில் பள்ளி திறந்தவர்கள் நம் மிஷனெரிமார்தான் என்று நாம் மேடைகளில் சொல்லிக்கொள்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் மதம் மாற்றும் நோக்கமே இல்லாமல் இதைச் செய்யவேண்டும் என்று ஆல்காட் வைராக்கியமாக நின்றார் என்பதும் உண்மை; இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஊரூரின் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாகப் பெசன்ட் நகரில் இன்றும் நடக்கிறது. பக்கத்து மீனவர் குடியிருப்புக்கு ஊரூர் ஆல்காட் குப்பம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1905-இல் மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லம் ஏழு பையன்களோடு ஆரம்பமானது. சுவாமி ராமகிருஷ்ணானந்தர் ஊக்கம் கொடுக்க, சி. ராமசாமி ஐயங்கார் என்ற இல்லறத்தார் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அதற்கு அவர்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள். பள்ளி என்று வைக்கவில்லை. இல்லம் என்று வைத்தார்கள். மயிலாப்பூரில் அப்போதே நல்ல பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஆதரவற்ற பையனுக்கு இல்லாமல்போனது தூங்க ஓர் இடமும், இரண்டு வேளைச் சோறும், விளக்கும்தான். அவற்றைக் கொடுத்தார்கள், பையன்கள் படித்துவிட்டார்கள்.

நமக்கும் இது புரியாத சங்கதி அல்ல. இந்த மடலைப் படிக்கிறவர்களில் எத்தனைபேருடைய பாட்டனாரும் பாட்டியும் 'போர்டிங்கில் படித்தவர்கள்'! சாயர்புரமோ, நாசரேத்தோ, பாளையங்கோட்டையோ, போர்டிங் என்றால் கம்பங்கூழும் கோரைப்பாயும் மணி அடித்தால் எழும்புகிற ஒழுங்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிராமத்து ஏழைப் பையனை உபாத்தியாயர் ஆக்கியது வகுப்பறை மட்டுந்தானா, அந்தக் கூழுக்கும் அதில் பங்கு உண்டா என்று அவர்களிடம் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்.

மருத்துவமனையைச் சேர்ந்த நமக்கு எல்லாரிலும் நெருக்கமானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அங்கம் பெற்று, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினவர். அந்த முறையிலிருந்து விடுபட்டு வந்த பெண் பிள்ளைகளுக்குத் தங்க இடம் கொடுக்க எந்த விடுதியும் முன்வராதபோது, தம்முடைய வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930-இல் அப்படித் தொடங்கினதுதான் அவ்வை இல்லம். 1936-இல் அடையாறுக்கு வந்தது. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்ததன் நினைவு அவரை விட்டு நீங்காமல் இருந்து, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளோடு திறக்கப்பட்டது நீங்கள் அறிந்ததே. வரிசையைப் பாருங்கள். ஒரு டாக்டர் முதலில் கட்டியது பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், பள்ளிக்கூடம். மருத்துவமனை அதற்கு இருபத்து நான்கு வருடங்கள் கழித்துத்தான் வந்தது. மருத்துவமனைக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் என்ன வேலை என்று சிலர் எங்களைக் கேட்கிறபோது இந்த அம்மையாரைத்தான் நினைத்துக்கொள்கிறோம்.

தி.நகர் கோ.நா. செட்டி சாலையில் 1949 முதல் இருந்துவரும் பால மந்திரும் இந்த வழியில் வந்ததே. காமராஜரின் ஆதரவோடு மஞ்சுபாஷிணி அம்மையார் தொடங்கியது. சென்னையில் இப்படி இன்னும் பல இல்லங்கள் உண்டு. எல்லாவற்றையும் எழுத இடம் போதாது.

அரசாங்கம் எடுத்துக்கொண்ட பாரம்

காமராஜர் முதலமைச்சராய் இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாகாணம் முழுவதற்கும் வந்தது. ஆரம்பத்தில் அது அரசாங்கப் பணத்தால் மட்டும் நடக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஒரு சாப்பாட்டுக்குப் 10 பைசா என்றால் அரசு 6 பைசா, ஊரார் 4 பைசா. ஊரார் பங்கு பல இடங்களில் அரிசியாகவும் காய்கறியாகவும் வந்தது. நம் சபைகளில் பிடியரிசி எடுத்து வைத்த தாய்மார்களுக்கு இது பழகின காரியம். 1960-களில் கேர் நிறுவனத்தின் மூலம் அமெரிக்காவிலிருந்து பால் பவுடரும் மாவும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. அந்தப் பாலின் வாசனையை இன்றும் மறக்காதவர்கள் நம்மில் உண்டு. சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடலாம்.

1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். முதலில் கிராமங்களில், இரண்டரை மாதத்தில் நகரங்களிலும். பிறகு முட்டை சேர்ந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. ஆயிரம் விளக்கின் ஓர் அணா தேசம் முழுவதற்குமான சட்டக் கடமை ஆனது இப்படித்தான்.

காலைச் சிற்றுண்டியும் பின்தொடர்ந்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசு ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024-இல் கிராமப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26-இல் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அந்தக் கடைசி விரிவாக்கத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்த இடம் நம் மயிலாப்பூரில் உள்ள புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி. மிஷன் பள்ளிகளில் படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு அதுவரை காலை உணவு இல்லையென்ற குறை அன்றோடு பெருமளவில் தீர்ந்தது. இதற்காக நன்றி சொல்ல நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்படியானால் நமது காணிக்கைக்கு இன்னும் வேலை இருக்கிறதா? இருக்கிறது. எங்கே என்று சொல்வதற்கு, அரசாங்கத்தின் உதவி ஒவ்வொன்றும் எந்த வகுப்பில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். நன்கொடையாளர்கள் பலர் கவனிக்காத இடம் இதுதான்.

காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்போடு முடிகிறது. கட்டாயக் கல்விச் சட்டம் பதினான்கு வயதோடு கைவிடுகிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பாடப் புத்தகம் பிளஸ் டூ வரைக்கும் உண்டு, பிளஸ் ஒன்னில் சைக்கிளும் உண்டு, பஸ் பாஸும் உண்டு, மறுக்கவில்லை. அதன் பிறகு கல்லூரிக்குப் போய்விட்டால், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை காலையிலும், பதினொன்றிலும் பன்னிரண்டிலும் மதியத்திலுங்கூட, அந்தப் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பது வீட்டைப் பொறுத்தது. வளர்கிற வயதில் இரண்டு வேளைச் சாப்பாடும் உறுதியில்லாமல் போகிறது. ஒன்பதாம் வகுப்பில் சீருடையையும் கையிலிருந்து தைக்க வேண்டியதாகிறது.

அந்த வயதில்தான் வேறொரு கதவும் திறக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்றும், பதினான்கிலிருந்து பதினெட்டு வரை ஆபத்தான வேலைகளில் மட்டும் வைக்கக்கூடாது என்றும் ஆயிற்று. துணி மடிக்கிற வேலையை ஆபத்தான வேலை என்று யாரும் எண்ணுவதில்லை. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தவறிய பையன், துணைத்தேர்வு எழுதலாம் என்று இருந்தாலும், தி.நகர் கடை ஒன்றில் தீபாவளிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போகிறான். மூன்று வேளைச் சாப்பாடு, தங்க இடம், மாதச் சம்பளம். நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்கிற வேலை. கடை ஊழியர் உட்காரத் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-இல்தான். அந்தக் குடும்பத்தை நாம் குற்றம் சொல்ல முடியுமா? கடை கொடுக்கிற சாப்பாட்டைப் பள்ளி கொடுக்கவில்லை.

இருபது கிலோமீட்டர் தூரம்

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் குடியிருந்த ஏழைகள் இப்போது பெரும்பாலும் அங்கே இல்லை. 2000-ஐ ஒட்டிக் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் என்று அவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 2022-இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாயோரத்து வீடுகள் நீதிமன்ற உத்தரவின்பேரில் இடிக்கப்பட்டது அந்த வருடம் பொதுத்தேர்வு நடந்த மே மாதம். நீர்வழிகளைக் காக்க வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. வெள்ளத்தில் முதலில் மூழ்குகிறவர்களும் அவர்கள்தான். என்றாலும் வீடு போன இடத்துக்குத் தாயின் வேலை போவதில்லை. மயிலாப்பூரிலும் அடையாறிலும் பாத்திரம் தேய்க்கிற, சமையல் செய்கிற தாய், பெரும்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம் பஸ் ஏறி அதே வீடுகளுக்கு வருகிறாள். பழைய பள்ளியிலேயே பிள்ளையை வைத்திருந்தால் பிள்ளையும் கூடவே வருகிறது.

பஸ் பாஸ் இருக்கிறதே என்பீர்கள். பெண்களுக்கும் 2021 மே முதல் சாதாரணப் பஸ்களில் கட்டணமில்லை. காசு செலவாகவில்லை, நேரம்தான் செலவாகிறது. ஆறு மணிக்குப் பஸ் பிடிக்கிற வீட்டில் ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி, இட்லி ஊற்றி, பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுக்க எந்தத் தாயால் முடியும்? எட்டாம் வகுப்புப் பையன் டீயோடு புறப்படுகிறான். மதியம் சத்துணவு வரைக்கும் அவ்வளவுதான். பிளஸ் ஒன் படிக்கிற அவனுடைய அக்காவுக்கு மதியமும் இல்லை. காலை ஜெபக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள் என்று பள்ளிகளிலிருந்து நம் புறநோயாளிகள் பிரிவுக்கு ஆட்டோவில் கொண்டுவரப்படுகிற பெண் பிள்ளைகளிடம் டாக்டர்கள் முதலில் கேட்பது, 'காலையில் என்ன சாப்பிட்டாய்?' என்பதுதான். இரத்தசோகைக்கு மாத்திரை எழுதிக்கொடுக்கலாம். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை குமட்டும், அதனால் விட்டுவிடுவார்கள்.

இதற்கு ஆகும் செலவு பயப்படத்தக்கதும் அல்ல. மாநகராட்சியின் அம்மா உணவகங்களில் 2013 முதல் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். பள்ளிக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும்போது, ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 5 ரூபாய் என்று வைத்து, வருடத்தில் 220 பள்ளி நாள் என்று கொண்டால் 1,100 ரூபாய். காலையில் ஐந்து இட்லி சாப்பிட்ட பிள்ளை முதல் பீரியடில் கணக்குப் போடும். அம்மா உணவகம் எட்டாத இடங்களில் பள்ளியின் ஆயாம்மா மூலமாகவோ பக்கத்து வீட்டு அம்மாள் மூலமாகவோ ஏற்பாடு செய்கிறோம். அது சற்றுக் கூடுதலாகும்.

வார்டில் அமர்ந்திருக்கிற பாட்டியம்மா

கடிதத்தில் அதிகமாக ஆச்சரியப்பட்டிருந்தது இந்தக் கூலியைப் பற்றித்தான்.

ஏழை வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால், மருத்துவச் செலவின் பெரும்பகுதிக்கு அரசின் காப்பீடு இருக்கிறது. நம் மருத்துவமனையும் தள்ளுபடி கொடுக்கிறது. ஆனால் நோயாளியுடன் ஒருவர் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வார்டிலும் சொல்கிறோம். யார் இருப்பார்கள்? அப்பா இருந்தால் கூலி போகும். அம்மா இருந்தால் வேலை செய்கிற நாலு வீட்டில் இரண்டு வீடு வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். கூலி இல்லாதவள் ஒருத்தி இருக்கிறாள். பெரிய மகள், ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிறவள். அவளை உட்காரவைப்பார்கள். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், மாதக்கணக்கில். முதலில் வருகைப் பதிவு போகும். பிறகு பாடம் புரியாமல் போகும். பிறகு தானாகவே, யாரும் நிறுத்தாமலே, அவள் நின்றுவிடுவாள். பள்ளிப் பதிவேட்டில் 'நீண்ட நாள் வரவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கும். எங்கள் வார்டு ஜெபங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் சீருடையோடு உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இது எங்களை வருத்துகிறது.

அதனால்தான், குடும்பத்துக்குச் சம்மதமானால், நம்பிக்கையான ஒரு முதிய பெண்மணியைப் பகல் நேரத்துக்குத் துணை வைக்கிறோம். பெரும்பாலும் விதவைகள், அந்தக் கூலி அவர்களுக்கும் ஒத்தாசை. 1982-இல் சத்துணவு மையங்களில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்து வேலைக்கு எடுத்தார்களே, அந்த யோசனையைத்தான் நாங்கள் சிறிய அளவில் பின்பற்றுகிறோம். பாட்டியம்மா ஸ்டூலில் உட்கார்ந்தால் பெண் பள்ளிக்குப் போகிறாள். இதைக் கல்விச் செலவு என்று எழுதாமல் வேறென்ன என்று எழுதுவது?

கண்ணாடியும் இதே வகைதான். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தம் என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அங்கிருந்து இன்னும் தெரியாது. நமது கண் பிரிவு பள்ளிகளுக்குப் போய்ச் சோதித்துக் கொடுக்கிறது. கண்ணாடி உடைந்தால் இரண்டாவது கண்ணாடிக்கு யார் கொடுப்பார்கள் என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் கையில் கண்ணாடி உடையத்தான் செய்யும்.

கொடுக்கிறவருடைய பிரியம்

இதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாதிருக்கும்படி கேட்டுக்கொண்டு ஒன்றைச் சொல்கிறோம். ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக வருகின்றன. ஒரே பிள்ளைக்கு மூன்று ஜாமெட்ரி பாக்ஸ் சேர்ந்த வருடமும் உண்டு. அக்டோபரில், மழையில் நனைந்து நோட்டு கூழாய்ப் போனபின், ஒன்றும் வருவதில்லை. இல்லங்களிலும் இப்படியே. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் பிரியாணி கொடுக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையையே கேட்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ரசத்துக்கு ஆள் இல்லை. கொடுப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்கவும் ஆசை இருக்கிறது, அது இயல்பு. நோட்டைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கலாம். சாப்பிட்டுப்போன ஐந்து இட்லியைப் போட்டோ எடுக்க முடியாது.

கட்டணம் கட்டுவதும் அப்படித்தான். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியின் தமிழ் வழி வகுப்புகளிலும் படிப்புக் கட்டணம் இல்லை. ஆகையால் 'கட்டணத்துக்கு மட்டும்' என்று எழுதி வருகிற பணத்தை, எழுதின வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்து, தனியே வைத்திருக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு பகுதி போகிறது. மீதி வங்கியில் நிற்கிறது. அதே வேளையில் காலைப் பலகாரத்துக்கு மாதக் கடைசியில் கையைப் பிசைகிறோம். 1925-இல் நடந்தது இதுதானே? பணம் இருந்தது, பிள்ளையும் இருந்தது, நடுவில் ஒரு தலைப்பு இருந்தது.

இதைக் கல்வி நிதிக் குழுவில் வைத்துப் பேசினோம். இந்த மடலோடு வருகிற காணிக்கைப் படிவத்தில் இதுவரை இருந்த 'கட்டணம்', 'புத்தகம்' என்ற இரண்டு கட்டங்களையும் எடுத்துவிட்டு, 'பிள்ளை பள்ளியில் தொடர்ந்து படிக்கத் தேவையான எதற்கும்' என்று ஒரே வரியாக அச்சிட்டிருக்கிறோம். எதற்குச் செலவானது என்ற விவரம் வழக்கம்போல வருட அறிக்கையில் வரிவரியாக வரும். பாட்டியம்மாவின் கூலியும் தனி வரியில் வரும். முன்பு கட்டணத்துக்கு என்று கொடுத்தவர்கள், அந்தப் பணத்தை இப்படி மாற்றிக்கொள்ளச் சம்மதமானால், ஒரு தபால் அட்டையில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். சம்மதமில்லாதவர்களுடைய பணம் முன்போலவே தனிக் கணக்கில் இருக்கும். பழைய படிவம் கைவசம் வைத்திருக்கிறவர்கள் அதை வீணாக்க வேண்டாம். கட்டத்துக்குப் பக்கத்தில் 'சாப்பாடும் சேர்த்து' என்று பேனாவால் எழுதி அனுப்புங்கள், நமது கணக்கர் புரிந்துகொள்வார்.